கப்பற் கணக்கு

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பது எமது முதுமொழி. கப்பற் கம்பனிக்காரர் கன்னத்தில் கை வைத்தவரல்லர். அவர்களுடைய கை எப்போதும் கணக்கேட்டின் மீதே இருந்தது. கப்பல் போய், அதனை ஓட்டியவர் போய், கம்பனியே கலைந்து போன பின்னரும் ஏடு இருக்கிறது. கடலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அந்த ஏட்டைத் தேடிச் செல்கின்றனர். அது சொல்வதைச் சொல்கின்றனர். அது சொல்லாததை விட்டுவிடுகின்றனர்.

இந்த விடயம் எமது சிந்தையிற் புகுந்ததற்கு ஒரு மாணவனே காரணன். ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "சேர், அந்தக் கப்பலெல்லாம் எங்கட கடலால போகல்லையா? நம்மட ஆக்கள் ஒருத்தரும் அதில இருக்கல்லையா?" என்று அவன் கேட்டான். அலையோசையைக் கேட்டே உறங்கி எழும் அட்டாளைச்சேனைப் பிள்ளை இப்படிக் கேட்டதில் வியப்பில்லை. பாடநூலில் இதற்கு ஒரு வரி விடையும் இல்லை என்பதுதான் வியப்பு.

அவனுடைய முதற் கேள்விக்கு விடை எளிது. 1602ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்றலைவர் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டார். பின்னர் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். அவர் வந்தது வேறொரு வணிகக் கூட்டத்தின் சார்பில். ஆயினும் அதே ஆண்டிலேயே ஒல்லாந்தில் ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பனி பிறந்தது. 1638இல் அக்கம்பனியின் படை மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. அக்கம்பனியை அவர்களுடைய மொழியின் முதலெழுத்துக்களால் வி.ஓ.சி. என்பர். கறுவாப் பட்டையின் எடையிலிருந்து கப்பலிலேற்றிய நீர்ப் பீப்பாய் வரை அவர்கள் எழுதிக் குவித்தவற்றில் ஏறத்தாழ 2 கோடியே 50 இலட்சம் பக்கங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. ஹேக், யகார்த்தா, கேப்டவுன், சென்னை, கொழும்பு ஆகிய நகரங்களின் சுவடிக்கூடங்களில் அவை காக்கப்படுகின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

தமிழர் அறிந்த வி.ஓ.சி. வேறு. வ. உ. சிதம்பரம்பிள்ளையின் பெயரை ஆங்கில எழுத்திற் சுருக்கினாலும் அதே மூன்றெழுத்துத்தான். சரித்திரம் சில வேளைகளில் இப்படிக் குறும்பு செய்வதுண்டு.

1906 ஒக்டோபரில் தூத்துக்குடியிற் பதிவான அவருடைய சுதேசிக் கப்பற் கம்பனியின் மூலதனம் 10 இலட்சம் ரூபா. 25 ரூபா வீதம் 40,000 பங்குகள். இந்தியரும் இலங்கையரும் ஏனைய ஆசிய மக்களும் பங்கெடுக்கலாம், வெள்ளையருக்கு இடமில்லை. பங்குகளில் 8,000ஐ, அதாவது 2 இலட்சம் ரூபாவுக்குரியதை, ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே வாங்கினார். முஸ்லிம் வணிகர் என்றால் அரசுக்கு அடங்கி நடப்பவர் என்று முடிவு கட்டி எழுதுவோர் இதனைக் கவனிப்பது நன்று. 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்ற வல்லது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே, அதுவரை எதிரில்லாது ஓடிய பிரிட்டிஷ் இந்தியாக் கப்பற் கம்பனிக்கு எதிராக, அவை ஓடின.

வெள்ளையர் கம்பனி கட்டணத்தைக் குறைத்தது; சுதேசிக் கம்பனியும் குறைத்தது. ஈற்றில் அவர்கள் இனாமாகவே ஏற்றிச் சென்று, ஆளுக்கொரு குடையும் கொடுத்தனர் என்பர். குடைக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? பர்மாவிலும் வங்கத்திலும் பாரசீகக் குடாவிலும் ஓடிய நூறு கப்பல்களின் இலாபத்திலிருந்து வந்தது. இரண்டு கப்பலை வைத்திருப்பவன் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பான்! அதனோடு நின்றிருந்தால் வணிகப் போட்டி என்று கூறி விட்டிருக்கலாம். 1908 பெப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், சிதம்பரம்பிள்ளை அவர்கள் பக்கம் நின்றார், தொழிலாளர் வென்றனர். மார்ச் 12ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த மக்கள் மீது துப்பாக்கி வெடித்தது, நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது குறைந்தது. எனினும் அவர் 1912 டிசம்பரில் சிறையிலிருந்து வெளிவந்தபோது கம்பனி இல்லை. அது 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஆலைத் தொழிலாளியோடு சேர்ந்ததைத்தான் அரசு பொறுக்கவில்லை என்பது எமது துணிபு.

வென்ற கம்பனி 1914இல் பி. அன்ட் ஓ. கம்பனியோடு இணைந்தது. அதன் கடிதங்களும் கூட்டக் குறிப்புக்களும் இங்கிலாந்தின் கிரீனிச் நகரிலுள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. தோற்ற கம்பனியின் கதையை அறிய விரும்புபவர் பொலிஸ் அறிக்கையையும் வழக்குத் தீர்ப்பையும் பழைய பத்திரிகைகளையும் புரட்டவேண்டும். ஒரு வணிக நிறுவனத்தின் சரித்திரத்தைக் குற்றவியல் வழக்கின் கட்டுக்களிலே தேட நேர்ந்த கொடுமை வேறு எத்தனை நாட்டில் உண்டோ!

மாணவனின் இரண்டாவது கேள்விதான் கடினமானது. நம்மட ஆக்கள் அதில் இருந்தார்களா?

பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஒவ்வொன்றும் தன் மாலுமிகளின் பெயர், வயது, பிறந்த ஊர், சம்பளம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இந்தக் காகித மலையை வைக்க இடமின்றிப் பங்கிட்டனர். நூற்றுக்குப் பத்தை இலண்டன் தேசிய சுவடிக்கூடம் எடுத்துக்கொண்டது. 5இல் முடியும் ஆண்டுகளுக்குரியவை பெரும்பாலும் கிரீனிச்சுக்குச் சென்றன. எஞ்சியவற்றிற் பெரும்பகுதி, ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது, அட்லாந்திக்கைக் கடந்து நியூபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றை அடைந்தது. கப்பலில் ஊர் ஊராய் அலைந்தவரின் பெயர்களும் அவ்வாறே அலைந்தன. "லஸ்கார்" எனப்பட்ட ஆசிய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம், குறைந்த சம்பளம், குறுகிய படுக்கை. பெயரும் குறுகியது. தந்தை பெயர் போய், ஊர் பெயர் சிதைந்து, எழுதுவினைஞரின் காதில் விழுந்த ஓரொலி மட்டும் நிற்கும். அத்தகைய "அப்துல்"களில் ஒருவன் எந்தக் கரையைச் சேர்ந்தவன் என்று யார் சொல்வது?

ஆகவே நாம் அருகிலிருந்து தொடங்க எண்ணினோம். கல்முனைப் பக்கத்தில் முன்னாளில் புடைவையும் நெல்லும் வியாபாரம் செய்த ஒருவரின் வீட்டிற் பழைய கணக்குக் கொப்பிகள் இருப்பதாகக் கேள்வியுற்றுச் சென்றோம். 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் இக்கரையின் எத்தனையோ வீடுகளை அள்ளிச் சென்றது. பெட்டிகளுக்கும் உறுதிகளுக்கும் கணக்கு யாரிடம் உண்டு? இந்த வீடு சற்று உள்ளே இருந்தமையாற் பிழைத்தது. முதலாளியின் மகன், எண்பதை எட்டியவர், கொப்பிகளை எம்முன் வைத்து, "இத என்னத்துக்கு மாஸ்டர்? கறையான் திண்டது போக மிச்சந்தான்" என்றார். "காக்கா, இதுதான் எங்களுக்குப் பொக்கிஷம்" என்றோம். அவர் சிரித்தார்; நம்பியதாகத் தோன்றவில்லை.

கணக்கு தமிழில் இருந்தது. ஓரக் குறிப்புக்கள் அரபுத் தமிழில். அவற்றை அவரே வாசித்துக் காட்டினார். நெல், கொப்பரா, கருவாடு போயிருக்கின்றன. புடைவை, மண்ணெண்ணெய், கள்ளிக்கோட்டை ஓடு வந்திருக்கின்றன. (அந்த ஓடுகளும் ஒருவகைச் சாசனமே. பழைய வீட்டுக் கூரையின் ஓட்டைத் திருப்பினால் மலையாளக் கரையிலோ மங்களூரிலோ அதனைச் சுட்ட தொழிற்சாலையின் பெயர் பொறித்திருக்கும். கறையான் அதைத் தின்பதில்லை.)

நாம் களிப்புடன் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதினோம். எழுத எழுத ஒன்று புலனாயிற்று. போடிமார் பெயர் உண்டு. வண்டிக்காரர் சிலரின் பெயர் உண்டு. புடைவையைக் கடனாக வாங்கி வேளாண்மை வெட்டியதும் நெல்லாகத் தருவதாக ஒப்பிய வயற்காரர் அத்தனை பேரின் பெயரும், அவர்தம் தந்தை பெயரோடு, பிழையின்றி உண்டு. தோணியிலிருந்து இடுப்பளவு நீரில் மூட்டையை இறக்கிக் கரைசேர்த்தவர்? "இறக்குகூலி, ஆள் 9." மறு வாரம், "ஆள் 11." கடன்பட்டவனுக்குப் பெயர், சுமந்தவனுக்கு எண். கிரீனிச்சிலிருக்கும் ஏட்டுக்கும் இதற்கும் மொழிதான் வேறு. வெள்ளைக் கம்பனிக்கு ஒரு நீதி, நம்மூர் முதலாளிக்கு ஒரு நீதி என்று எழுத எம்மாலாகாது. இதை அந்தப் பெரியவரிடமே கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், இறக்குகூலிக்கு வந்தோரில் மூவரின் பெயரைத் தாமாகவே சொன்னார். ஒருவர் தம்மைத் தோளிற் சுமந்து கடல் காட்டியவராம்.

இது பழங்கதை ஆராய்ச்சி மட்டுமன்று. எமது பிரதேசத்து ஒலுவிலில் டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டிய துறைமுகம் 2013 செப்டம்பர் 1ஆம் நாள் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர் எழுந்த பின், கரையோடு வடக்கே நகர்ந்து செல்லும் மணல் தெற்கே தேங்கியது; வாயில் தூர்ந்தது; வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது; தென்னைகள் வேரோடு சாய்ந்தன. சரக்குக் கப்பலுக்கென வெட்டிய துறையிற் சரக்குக் கப்பல்கள் நிறையவில்லை. இதற்கும் ஏடுகள் உண்டு: கடன் ஒப்பந்தம், பொறியியல் அறிக்கை, திறப்புவிழாப் படம். நூறாண்டு கழித்து ஒருவர் அவற்றை மட்டும் புரட்டினால் ஒலுவிலில் ஒரு துறைமுகம் சிறப்புற அமைந்தது என்றே எழுதுவார். தோட்டமிழந்தவரும், தோணி வைக்கக் கரையிழந்தவரும் அங்கே எத்தனை பக்கம் பெறுவர்?

ஆகவே மாணவரிடம் ஆளுக்கொரு கொப்பி கொடுத்துள்ளோம். எந்த ஆண்டில் எந்த வளவு கடலிற் போயிற்று, அதில் எத்தனை தென்னை, கரைவலை இழுத்த இடம் எது, இப்போது எங்கே இழுக்கின்றனர் என்பவற்றை வீட்டிலுள்ளோரிடமே கேட்டு எழுதுகின்றனர். எழுத்துப்பிழை நிறைய உண்டு. திருத்த மனம் வரவில்லை. பாலமுனையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் தந்த தாளில், தன் மூத்தப்பாவோடு ஒரே வலையில் நின்ற 18 பேரின் பெயர்கள் உள்ளன. வலது கயிற்றில் யார், இடது கயிற்றில் யார் என்றும் பிரித்து எழுதியிருக்கிறாள். இடது கயிற்றில் ஐந்தாம் ஆளின் பெயர் மூத்தப்பாவுக்கு நினைவில்லையாம். அவர் மகளின் வீடு நிந்தவூரில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை போய்க் கேட்டு வருகிறேன் என்று தாளின் அடியிற் குறித்திருக்கிறாள்.