கறிவேப்பிலையில் ஒரு பிரசவம்

வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று ராயகிரி வீட்டு வாசலில் இரண்டு இட்லிப்பூச் செடி வைத்தேன். பூத்தது, பூச்சிகளும் வந்தன. தேன் குடித்தன, போய்விட்டன.

அவை முட்டையிட்டதோ கொல்லையில், அடுக்களைத் தண்ணீர் பாயும் கறிவேப்பிலையில்! "இலையெல்லாம் அரிச்சுப்போச்சுய்யா, மருந்தடிச்சிரு" என்றார் அம்மா. கிட்டப் போய்ப் பார்த்தேன். இலைமேல் குருவி எச்சம் மாதிரி ஒன்று. உற்றுப் பார்த்தால் புழு! சில நாளில் பச்சைப்பசேல் என்று கொழுத்துவிட்டது. விரலால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாய் இரண்டு கொம்பு நீண்டு, குப்பென்று ஒரு வாடை. எதிரியை விரட்டத்தான். மருந்தடிக்க மனசு வரவில்லை. அம்மாவும் அப்புறம் கேட்கவில்லை.

பூச்செடி மட்டும் போதாது, புழு தின்னும் இலையும் வேண்டும். எலுமிச்சை வையுங்கள். வேலியோரம் எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் தாய்வீடு. கிலுகிலுப்பை இருந்தால் வரியன்களில் ஆண்பூச்சிகள் தேடி வரும். உன்னிச்செடியை மட்டும் நான் வைக்க மாட்டேன். பூவுக்குப் பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி அது. மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் புதராய் மண்டி நம் செடிகளை அமுக்குகிறது.

2019-இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மலைவாசிதான். அதன் புழுவுக்கு நீரடிமுத்து இலை வேண்டும். நம் முற்றத்துக்கு அது வராது.

இன்று காலை அந்தக் கறிவேப்பிலைப் புழுவின் கூடு பிளந்தது. கசங்கிய கறுப்பு இறக்கையை வெயிலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. அம்மா துணி காயப்போடாமல் அப்படியே நின்று பார்த்தார்.