‘எல்லாம் உனக்கே’ என்ற உயிலில் என்ன சிக்கல்?

இந்தியாவில் எஸ்டேட் டியூட்டி 1985-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால், சொத்தைப் பிரிக்கும்போது சண்டை வரலாம் என்று தெரிந்த நம்மவர்களுக்கு, வரியும் வரலாம் என்பது தோன்றுவதே இல்லை. அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கதைதான்.

அங்கே மத்திய அரசின் எஸ்டேட் வரி பெரும் பணக்காரர்களுக்கு மட்டுமே. 2026 முதல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர் வரை விலக்கு. சிக்கல் மாநிலங்களில்தான். 12 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யும் தனியாக வரி போடுகின்றன. ஆரிகனில் 10 லட்சம் டாலரைத் தாண்டினாலே வரி. மாசசூசெட்ஸில் 2023-ல்தான் விலக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது.

பாஸ்டன் புறநகரில் வசிக்கும் ஒரு தம்பதியும் தங்களைப் பணக்காரர்களாக நினைத்ததில்லை. ஆனால் வீடு, ஓய்வுக்கால சேமிப்பு, ஆயுள் காப்பீடு எல்லாவற்றையும் கூட்டினால் 35 லட்சம் டாலர். ‘எனக்குப் பின் எல்லாம் உனக்கே’ என்று ஆளுக்கொரு உயில் எழுதி வைத்திருந்தார்கள்.

“ஏங்க, வக்கீலைப் போய்ப் பார்ப்போம்” என்று மனைவி சொல்லும்போதெல்லாம், “சாவைப் பத்தி இப்ப எதுக்குப் பேச்சு?” என்று கணவர் நழுவிவிடுவார். ஒருவழியாகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மாசசூசெட்ஸில் முதலில் இறப்பவர் பயன்படுத்தாத விலக்கு, துணைக்குப் போய்ச் சேராது. இருவர் காலமும் முடிந்த பின், ஒருவருடைய 20 லட்சம் விலக்குதான் மிஞ்சும். அவர்களுடைய ஒரே மகள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வரி கட்ட வேண்டியிருக்கும். அதுவும் ஒன்பது மாதத்துக்குள், ரொக்கமாக. கையில் பணம் இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். சொத்தை இருவர் பெயரிலும் பிரித்து, உயிலில் ஒரு டிரஸ்ட் சேர்த்தால் இரண்டு விலக்கும் பயன்படும்.

மகள் சியாட்டிலில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே போய்விடலாம் என்றால், வாஷிங்டன் மாநிலம் 2025 ஜூலையில் உச்ச விகிதத்தை 35 சதவீதமாக்கிய செய்தி பயமுறுத்தியது. அந்த 35 சதவீதம், விலக்கு போக 90 லட்சத்தைத் தாண்டிய தொகைக்குத்தான் விதிக்கப்பட்டது. விலக்கையும் அப்போதே 30 லட்சமாக உயர்த்தியிருந்தார்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் கல்யாணமாகாத சித்தப்பாவின் கணக்கு வேறு. அந்த மாநிலம் 2018-ல் எஸ்டேட் வரியை ஒழித்தது. ஆனால் வாரிசு வரி இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு வரி இல்லை. அண்ணன் மகளுக்கு 15 சதவீதம். நமக்கு அண்ணன் மகளும் மகள்தான். அந்தச் சட்டத்துக்கு அப்படி இல்லை.

விலக்கும் விகிதமும் அடுத்து எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மாநிலம் மாறும்போதும், சட்டம் மாறும்போதும் உயிலை எடுத்துப் படியுங்கள். இருவரும் ஆரோக்கியமாக இருக்கும்போதே, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள்.