விளக்கெரியும் தெரு

பனிச்சறுக்கு மலைக்குப் பக்கத்தில் வீடு வாங்க நினைக்கிற இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "லிஃப்டுக்கு எத்தனை நிமிஷம்?" அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பார்க் சிட்டி வட்டாரத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்பதால் என்னைத் தேடி வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்த்தீர்களா?" பார்த்திருக்க மாட்டார்கள். பிப்ரவரியில் வந்து, வெயிலும் பனியுமாக மலை பளபளக்கிற ஒரு சனிக்கிழமையில் தரகரோடு காரில் சுற்றியிருப்பார்கள். அன்றைக்கு எல்லாத் தெருவும் கலகலவென்றுதான் இருக்கும்.

சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகள் நவம்பர் கடைசியில் ஓடத் தொடங்கி, ஏப்ரலில் நின்றுவிடும். ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்திலும் வேலைக்குப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒருநாள் சறுக்கப் போனால் அதிகம். மற்ற நாளெல்லாம் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்து வைக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுகிறோம், காய்ச்சலுக்கு மருந்து வாங்க அலைகிறோம். அப்போது வேண்டியது அண்டை வீடு. ஆகவே லிஃப்டுக்கு எவ்வளவு தூரம் என்பதை நான் கடைசியில்தான் பார்க்கச் சொல்வேன். அந்தத் தெருவில் வருஷம் முழுக்க யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

பார்க் சிட்டியில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 2020 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் இருப்பவர்கள் சுமார் 8,400 பேர்தான். ஆனால் வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடு, அல்லது நாள்வாடகைக்கு விடுகிற வீடு. குடியிருக்கும் வீட்டையும் விடுமுறை வீட்டையும் மாநிலச் சட்டமும் பிரித்தே பார்க்கிறது. நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடென்றால், சந்தை மதிப்பில் 45 சதவீதத்தைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் சொத்து வரி. விடுமுறை வீடென்றால் முழு மதிப்புக்கும் வரி. வீடு பார்க்கும்போது அக்கம்பக்கத்து வீடுகளின் வரி எந்த வகையில் வருகிறது என்று கவுன்டி அலுவலகத்தில் விசாரியுங்கள். தரகர் காட்டும் படத்தைவிட அது அதிகம் சொல்லும்.

ஊரின் கதை தெரிந்தால் பகுதிகளின் குணமும் புரியும். வெள்ளிச் சுரங்கத்தால் பிறந்த ஊர் இது. 1884-ல் நகராட்சி ஆனது. 1898-ல் பிடித்த பெருந்தீயில் மெயின் ஸ்ட்ரீட்டின் பெரும்பகுதி சாம்பலாகி, மறுபடி எழுந்தது. பிறகு வெள்ளி விலை விழ, 1950-களில் ஊர் ஏறக்குறைய காலியாகிவிட்டது. கடைசியில் சுரங்கக் கம்பெனியே மத்திய அரசிடம் கடன் வாங்கி, 1963 டிசம்பரில் பனிச்சறுக்கு மலையைத் திறந்தது. கொஞ்சகாலம் பழைய சுரங்க ரயிலிலேயே ஆட்களை மலைக்குள் கொண்டுபோய், சுரங்கக் கிணற்றுத் தூக்கியில் மேலே ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

மெயின் ஸ்ட்ரீட்டைச் சுற்றியுள்ள ஓல்டு டவுன், சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதி. குறுகிய மனை, செங்குத்தான தெரு, வாசலுக்கு ஏற நீளமான மரப்படிகள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நடந்துபோய் லிஃப்ட் ஏறலாம், நடந்துபோய்ச் சாப்பிடலாம். ஆனால் பனி பெய்கிற ராத்திரி பனி தள்ளும் வண்டிக்கு வழிவிட்டாக வேண்டும், காரைத் தெருவில் நிறுத்த முடியாத இடங்கள் நிறைய. மளிகைப் பைகளோடு உறைந்த படிகளில் ஏற வேண்டும். பக்கத்து வீட்டில் மூன்று நாளைக்கு ஒருதரம் புது முகம். கால் திடமாக உள்ள, பிள்ளைகள் இல்லாத இருவருக்கு அது பொருந்தலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஊரின் இன்னொரு பனிச்சறுக்கு மலையான டியர் வேலி 1981-ல் தொடங்கியது. மேல் பகுதியில், வாசலிலேயே சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடலாம் என்கிற வீடுகள் இருக்கின்றன. விலை அதற்கேற்றபடி. இலையுதிர் காலத்து இரவுகளில் அங்கே நடந்திருக்கிறேன். மாளிகை மாளிகையாக இருட்டு. பிள்ளை குட்டியோடு வாழ வருகிறவர்கள், எவ்வளவு வசதி இருந்தாலும், அந்த இருட்டில் போய் உட்கார வேண்டாம் என்றே சொல்கிறேன்.

எனக்குப் பிடித்த பகுதி பிராஸ்பெக்டர். பெரிய பேச்சில் அடிபடாத இடம். சின்னச் சின்ன அடுக்கு வீடுகள், நகரத்தின் இலவசப் பேருந்து, பழைய யூனியன் பசிபிக் தண்டவாளம் இருந்த தடத்தில் எக்கோ வரைக்கும் 28 மைல் ஓடும் நடைபாதை. உணவகத்தில் வேலை செய்கிறவர்களும், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்களும் அங்கே கலந்து வாழ்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்தப் பகுதி சுரங்கக் கழிவு கொட்டிய நிலத்தின் மேல் எழுந்தது. மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் உண்டு. அதனால் கழிவின் மேல் குறைந்தது ஆறு அங்குலம் சுத்தமான மேல்மண் இருக்க வேண்டும் என்று நகராட்சி விதி வைத்திருக்கிறது. தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள், சின்னக் குழந்தை மண்ணில் விளையாடும் வீட்டுக்காரர்கள், அந்த மனைக்கு நகராட்சியின் சான்று இருக்கிறதா என்று கேட்டு, கையில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பது பழைய சுரங்க ஊர்கள் எல்லாவற்றிலும் கேட்க வேண்டிய கேள்வி. கொலராடோவின் மலையூர்கள் பலவற்றுக்கும் இதே பின்கதை உண்டு.

குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் நகர எல்லைக்கு வெளியே போய்விடுகிறார்கள். ஐ-80 நெடுஞ்சாலையை ஒட்டிய பைன்புரூக், ஜெரமி ரேஞ்ச், சம்மிட் பார்க், கிம்பல் ஜங்ஷன். சால்ட் லேக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வர இவை வசதி. மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற தெருக்கள் இங்கேதான் அதிகம். ஆனால் காட்டுக்குள் புகுந்து கட்டிய வீடுகள், உள்ளே போகவும் வெளியே வரவும் வழி குறைவு. 2021 ஆகஸ்டில் பார்லீஸ் கணவாயில், நெடுஞ்சாலையில் போன ஒரு வாகனத்தின் பழுதான பாகத்திலிருந்து தெறித்த பொறியில் தீ பிடித்தது. சம்மிட் பார்க், பைன்புரூக் வாசிகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மதியத்தில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வீடுகள் தப்பின. பனி ஊரில் வீடு வாங்குகிறவர் தீயைப் பற்றி யோசிப்பதே இல்லை. விலை பேசும் முன்பே காப்பீட்டுக் கம்பெனியிடம் அந்த மனையின் முகவரியைக் கொடுத்து, தீக் காப்பீடு கிடைக்குமா, வருஷத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தெருவிலிருந்து வெளியேற இரண்டாவது பாதை உண்டா என்று காரில் ஓட்டியே பாருங்கள்.

கிழக்கே, 40-ம் எண் நெடுஞ்சாலையைத் தாண்டி, ஜோர்டனெல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் வேகமாக எழுகின்றன. விளம்பரத்தில் பார்க் சிட்டி என்று இருக்கும். ஆனால் நிலம் பக்கத்து வாசாட்ச் கவுன்டியைச் சேர்ந்தது. பிள்ளைகள் பார்க் சிட்டிப் பள்ளிகளுக்குப் போக மாட்டார்கள், ஹீபர் பக்கத்துப் பள்ளி மாவட்டத்துக்குப் போவார்கள். அந்தப் பள்ளிகள் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பள்ளியை நினைத்துக்கொண்டு வீடு வாங்கிவிட்டு, வேறு பள்ளிப் பேருந்து வாசலில் வந்து நிற்கும்போது திகைக்கக் கூடாது. முகவரியின் பெயரை நம்பாமல் கவுன்டி வரைபடத்தில் எல்லைக் கோட்டைப் பாருங்கள்.

இனி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கார் ஏறும் பாதை தெற்கு பார்த்திருந்தால் பனி பெய்த மறுநாளே வெயில் பாதி வேலையைச் செய்துவிடும். வடக்கு பார்த்த சரிவென்றால் டிசம்பரில் உறைந்த பனி மார்ச் வரை விடாது. கூரையிலிருந்து பனி சரிந்து எங்கே விழுகிறது என்று கவனியுங்கள், வாசற்படியின் மேல் விழும்படி கட்டிய வீடுகளும் உண்டு. வீட்டின் சூடு கூரைக்குக் கசிந்தால் மேலே பனி உருகி, ஓரத்தில் மறுபடி உறைந்து அணை கட்டும். பின்னால் தேங்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். கூரை ஓரத்தில் பெரிய பெரிய பனிக்கூம்புகள் தொங்குகிற வீட்டைப் பார்த்து அழகென்று படம் எடுக்கிறார்கள். வாங்குகிறவர் அங்கே கூரைக்கடியில் ஏறிப் பார்க்க வேண்டும்.

உயரத்தையும் கணக்கில் வையுங்கள். ஊர் இருப்பது சுமார் 7,000 அடியில், நம் ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. டியர் வேலிக்கு மேல் எம்பயர் பாஸ் பக்கம் 8,000 அடியைத் தாண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்கள் என்றால், அவர்களுக்கு நெஞ்சு நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மேல் சரிவில் வீடு பார்க்காதீர்கள். படுக்கையறை தரைத்தளத்தில் ஒன்று இருக்கட்டும். ஆஸ்பத்திரி 40-ம் எண் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது, அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பனி கொட்டுகிற நாளில் பாருங்கள்.

தூரத்தைப் பற்றி இன்னொன்று. சால்ட் லேக் பள்ளத்தாக்கில், லிட்டில் காட்டன்வுட் கணவாயின் வாயில் வீடு வாங்குகிறவர்கள், ஆல்ட்டா, ஸ்னோபேர்டு பனிச்சறுக்கு மலைகள் பத்தே மைல் என்று மகிழ்கிறார்கள். வரைபடத்தில் உண்மைதான். ஆனால் நல்ல பனி விழுந்த காலை, அந்த ஒரே சாலையில் கார்களின் பின்விளக்குகள் மணிக்கணக்காக நிற்கும். பனிச்சரிவு ஆபத்து வந்தால் சாலையையே மூடி, பீரங்கியால் சுட்டுப் பனியை முன்கூட்டியே இறக்குவது பல பத்தாண்டுகளாக அங்கே நடந்துவந்த வழக்கம். ஆல்ட்டாவில் சில வேளை கட்டடத்தை விட்டு யாரும் வெளியே வரக்கூடாது என்று சட்டப்படி உத்தரவு போடுவார்கள். 2021 பிப்ரவரியில் அந்த உத்தரவு இரண்டு நாளுக்கும் மேல் நீடித்தது. பார்க் சிட்டிப் பேருந்தில் இருபது நிமிஷம் உட்கார்ந்து போகிறவர் அவர்களுக்கு முன்னால் மலை ஏறிவிடுவார்.

மறுபடி மனிதர்களுக்கு வருகிறேன், என் மனம் இருப்பது அங்கேதான். 2016-ல் இந்த ஊர் மக்கள் 2.5 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குத் தாங்களே வரி கட்ட ஒப்புக்கொண்டு வாக்களித்தார்கள். மேலே போனான்ஸா ஃப்ளாட் என்ற 1,350 ஏக்கர் மலைப்புல்வெளியில் மாளிகைகள் வராமல் தடுக்க. பிற அமைப்புகளும் தனியாரும் கொடுத்ததைச் சேர்த்து அடுத்த வருஷம் 3.8 கோடி டாலருக்கு அதை வாங்கிவிட்டார்கள். 2018-ல், ஓல்டு டவுனுக்கு மேலே உள்ள குன்றுக்காகவும் இன்னொரு புல்வெளிக்காகவும் மறுபடி 4.8 கோடி டாலர். வாக்குப் போட்டவர்கள் இங்கே குடியிருக்கிறவர்கள் மட்டும். விடுமுறை வீட்டுக்காரர்கள் வரி கட்டலாம், வாக்களிக்க முடியாது. ஒரு ஊரை ஊராக வைத்திருப்பது இப்படிப்பட்ட வாக்குகள்தான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். நீங்கள் இங்கே வீடு வாங்கிக் குடியேறினால் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே சமயம் ஊரை நடத்துகிறவர்களில் பலர் ஊருக்குள் வீடு வைக்க முடியாமல் ஹீபரிலிருந்தும் கேமஸிலிருந்தும் சால்ட் லேக்கிலிருந்தும் தினம் மலை ஏறி வருகிறார்கள். 2024 டிசம்பர் கடைசியில் பார்க் சிட்டி பனிச்சறுக்கு மலையின் பாதுகாப்புப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக உயர்த்தக் கேட்டுத்தான். ஜனவரி 8 அன்று உடன்பாடு வந்தது. அதுவரை மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. செவிலியரும் ஆசிரியரும் பேருந்து ஓட்டுநரும் வாழ்கிற தெருவில் வீடு வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். விற்பனை விலைக்கு வரம்பு கட்டிய தொழிலாளர் வீடுகள் பக்கத்தில் வருவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல அடையாளம். அப்படிப்பட்ட தெருவில் பனி மூடிய காலை யாராவது உங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவார்கள், நீங்கள் அவர்கள் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவீர்கள்.

அவசரப்பட வேண்டாம். முதல் வருஷம் வாடகைக்கு எடுங்கள், அதுவும் ஏப்ரல் கடைசியில் தொடங்குங்கள். அப்போது லிஃப்ட் நின்றிருக்கும், பாதி உணவகங்கள் மூடியிருக்கும், பாதையெல்லாம் சேறாக இருக்கும், வாடகையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். கோடையில் புல்வெளிப் பாதைகளில் யார் தினமும் எதிர்ப்படுகிறார்கள் என்று கவனியுங்கள். செப்டம்பரில் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போங்கள். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதிகளை வாங்கி, நாள்வாடகைக்கு அனுமதி உண்டா இல்லையா என்ற பக்கத்தை வரிக்கு வரி படியுங்கள். அதற்குப் பிறகும் அந்தத் தெரு பிடித்திருந்தால் நவம்பரில் தரகரைக் கூப்பிடுங்கள். லிஃப்டுக்கு எத்தனை நிமிஷம் என்பதை அப்போது நீங்களே நடந்து பார்த்துக்கொள்ளலாம்.