கோதுமையை நிறுத்தினால் யாருக்குப் பட்டினி?

சப்பாத்தி உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும். ஆனால் உலகில் சுமார் நூறு பேரில் ஒருவருக்கு அது ஆகவே ஆகாது. காரணம் சிலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும்.

டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கேக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம். 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினி கிடக்க, சிலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பியது, நோயும் திரும்பியது. இன்றுவரை வைத்தியம் அதேதான்: ஆயுள் முழுக்க குளூட்டன் கூடாது.

அதோடு பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் சாப்பாடு வேண்டுமே! கோதுமையில் ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்தும் உண்டு. அது செரிக்காமல் பெருங்குடல் வரை போய், பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்லவைகளுக்குத் தீனியாகிறது. கோதுமை போனால் இதுவும் போச்சு.

2009-ல் வெளியான ஒரு ஸ்பெயின் ஆய்வில், ஆரோக்கியமான 10 பேர் ஒரு மாதம் குளூட்டன் இல்லாமல் சாப்பிட்டார்கள். பிஃபிடோபாக்டீரியாவும் லாக்டோபாசில்லஸும் குறைந்தன, ஈ.கோலை கூடியது. வெறும் 10 பேர்தான், ஆனாலும் யோசிக்க வைக்கும் முடிவு.

அதற்காகச் சிலியாக் நோயாளி மறுபடி சப்பாத்தி சாப்பிட முடியாது. விட்டுப்போன நார்ச்சத்தை வேறு வழியில் கொண்டுவர வேண்டும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று விற்கும் ரொட்டி, பிஸ்கட் பலவற்றில் மாவுச்சத்துதான் அதிகம். அதைவிடக் கேழ்வரகு, கம்பு, பயறு, கீரை, பழம் மேல். இட்லி பயமில்லை. சாம்பாருக்கு மட்டும் பெருங்காய டப்பாவின் லேபிளைப் படிக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்.

நோயே இல்லாமல், உடம்பு இளைக்கும் என்று குளூட்டனை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல பாக்டீரியாவைப் பட்டினி போடுவதுதான் மிச்சமாகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால், நோய் இருந்தாலும் பரிசோதனையில் தெரியாமல் போய்விடலாம்.