திமோத்தேயுவின் வயிறு



பவுல் திமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், சபை ஒழுங்கைப் பற்றிய கட்டளைகளின் நடுவே, அவனுடைய வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளும்படி ஓர் ஆலோசனை உண்டு. அடிக்கடி நோயுற்ற ஊழியனுக்குச் சொல்லப்பட்ட அப்பத்தியம், பெருங்குடல் வலியோடு 6 ஆண்டுகளாக வாழும் எனக்கு மிகவும் நெருக்கமானது.

பரிசோதனையில் புண்ணோ கட்டியோ இல்லை. எரிச்சலுறு குடல் நோய் என்றார் மருத்துவர். இந்நோயில் சாதாரண வாயுவையும் குடல் வலியாகவே உணரும். பூண்டு, வெங்காயம், கோதுமை ஆகியவற்றிலுள்ள ஃபிரக்டான் என்னும் மாவுச்சத்து சிறுகுடலில் செரியாமல், பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறைப்படி, இத்தகையவற்றைச் சில வாரங்கள் விலக்கி, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். எனக்குப் பகையானவை பூண்டும் பாலும். சோறும் கேரட்டும் ஒத்துக்கொள்கின்றன. இரவில் இசப்கோல் உதவுகிறது. ஓமத்தண்ணீர் ஆறுதல் தரும். நோயைத் தீர்க்கும் என்று சொல்லமாட்டேன்.

கடினமானது வீடு சந்திப்பே. பால் தேநீரை ஏந்தி நிற்கும் தாயிடம் "வேண்டாம், அம்மா" என்பது உபவாசத்தினும் கடினம். இப்போது சீரகத்தண்ணீர் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சென்ற மாதம் ஒரு வீட்டில் பூண்டில்லாத ரசம் எனக்கெனத் தனியே வைத்திருந்தார்கள். இரண்டு முறை ஊற்றிக்கொண்டேன்.

உங்களில் சிலர் ஆலயத்தில் வாசலருகே அமருவதன் காரணத்தை நான் அறிவேன். மலத்தில் இரத்தமோ, காரணமற்ற எடைக் குறைவோ, உறக்கத்தைக் கலைக்கும் வலியோ இருந்தால், கஷாயத்தோடு காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். லூக்காவும் வைத்தியனே. மற்றவர்கள் நான் வரும்போது சொல்லுங்கள். சீரகத்தண்ணீரை இருவருமாகக் குடிப்போம்.