ஒரு டாலர் டிக்கெட்

நியூயார்க்குக்கு முதல் தடவை போகிறவர்களில் பலர் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஏறாமல் திரும்புவதில்லை. வரிசையில் நின்று, லிஃப்டில் ஏறி, 86-வது மாடியின் திறந்த தளத்துக்கு வந்தால் காற்று முகத்தில் அறைகிறது. சுமார் 320 மீட்டர் கீழே டாக்ஸிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்கின்றன. வடக்கே சென்ட்ரல் பார்க், தென்மேற்கே தூரத்தில் சுதந்திர தேவி சிலை. நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, ‘இதுக்கா இவ்வளவு பணம்?’ என்று முணுமுணுத்தபடி இறங்குகிறவர்களும் உண்டு.

அந்தப் பணத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1931 மே 1-ம் தேதி திறந்தபோது, இந்த 102 மாடிக் கட்டடம்தான் உலகத்திலேயே உயரமானது. ஆனால் 1929-ல் பங்குச்சந்தை சரிந்து, அமெரிக்காவே மந்தத்தில் கிடந்த நேரம் அது. ஆபீஸ் வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. ‘எம்ப்டி ஸ்டேட் பில்டிங்’, அதாவது காலிக் கட்டடம் என்று ஊரே கேலி செய்தது. கைகொடுத்தது யார் தெரியுமா? வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான்! அப்போது டிக்கெட் ஒரு டாலர். முதல் வருடம் வாடகையில் வந்த அளவுக்கு டிக்கெட்டிலும் வசூலானது என்று சொல்வார்கள். அப்படியும் லாபம் பார்க்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

இன்றும் டிக்கெட் பணம் அந்தக் கட்டடத்துக்கு முக்கியமான வருமானம். 2020 மார்ச்சில் கொரோனாவால் மேல்தளத்தை மூடி, ஜூலையில்தான் திறந்தார்கள். அந்த நாலு மாதமும் டிக்கெட் கவுண்டரில் வசூல் பூஜ்யம். பெரிய கம்பெனிகளின் பெயர்கள் வாடகைப் பத்திரத்தில் இருக்கும். கஷ்ட காலத்தில் கட்டடத்தைத் தாங்கியவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.