கேப்பர் இல்லம்

மெரினாக் கடலை நோக்கி நிற்கும் நம் இராணி மேரிக் கல்லூரியின் கதை ஒரு கல்லூரிக் கட்டடத்தில் தொடங்கவில்லை. ஒரு வீட்டில் தொடங்கியது. அதுதான் கேப்பர் இல்லம்.

கர்னல் கேப்பர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயர் தாங்கிய கடற்கரை மாளிகை அது. காலம் சுழன்றது, வீடு ஓட்டலாயிற்று. 1914 ஜூலையில் அங்கே சென்னை மகளிர் கல்லூரி பிறந்தது. முதல்வர் டாரதி டி லா ஹே அம்மையார். மாணவியர் 37 பேர். சென்னை நகரில் பெண்களுக்கென எழுந்த முதல் கல்லூரி அதுவே. 1917இல் இராணி மேரியின் பெயரைப் பெற்றது. பின்னர் பெண்ட்லண்ட், ஸ்டோன், ஜெய்ப்பூர் என்று கட்டடங்கள் பெருகின. அவற்றுக்கும் இல்லம் என்றே பெயர்!

தோழியரே, எண்ணிப் பாருங்கள். கர்னல் வாழ்ந்த காலத்தில் நம்மைப் போன்ற ஒருத்தி அத்தகைய மாளிகைக்குள் எதற்காக நுழைந்திருப்பாள்? பாத்திரம் துலக்கத்தானே! என் அம்மா இன்றும் மூன்று வீடுகளில் அவ்வேலையைச் செய்கிறார். அவ்வீடுகளின் கொல்லைப்புற வாசலே அவருக்குப் பழக்கம். 1914இலோ, ஒரு பெரிய வீட்டின் முன்வாசல் புத்தகம் ஏந்திய பெண்களுக்காகத் திறந்தது. இது சிறிய மாற்றமா?

2003இல் இவ்வளாகத்தை இடித்துப் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு திட்டமிட்டது. மாணவியர் வெளியேற மறுத்து அமர்ந்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆயினும் நான் அமரும் பெஞ்சு அவர்கள் காத்துத் தந்தது.

ஆனால் கேப்பர் இல்லம் இன்று இல்லை. முதுமையால் தளர்ந்த அது மறைந்து, அவ்விடத்தில் புதுக்கட்டடம் எழுந்துவிட்டது. கல்லும் சுண்ணாம்பும் என்றும் நிலைப்பதில்லை. நிலைக்க வேண்டியது அது திறந்துவிட்ட வாசல்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "இரண்டு வருஷம் படித்தது போதும், நல்ல இடம் வந்திருக்கிறது" என்கிறார் பெரியப்பா. "பட்டம் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அம்மா ஒருவரே தடுத்து நிற்கிறார். அன்றைய 37 பேரின் வீடுகளிலும் இப்படியொரு வழக்கு நடந்திருக்கும். அவர்கள் வந்தார்கள், அதனால் நாம் வந்தோம். நானும் மூன்றாம் ஆண்டுக்கு வருவேன். எனக்குப் பின்னால் வர இருப்பவள் எங்கள் தெருவிலேயே இருக்கிறாள். இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.